ஜெயித்ததற்கான விளக்கம்

அந்தக் கல்லூரிக்குத் தோற்பதில் பதினொரு வருடமாக எந்தச் சிரமமும் இருந்ததில்லை. பெண்கள் கூடைப்பந்து அணி ஒவ்வொரு பருவமும் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடும். மறுநாள் விளையாட்டுத் துறையில் ஒரு படிவம் நிரப்புவார்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'காற்று' என்றோ 'மாணவிகளின் மனநிலை' என்றோ எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். உள்ளரங்கில் நடந்த ஆட்டத்துக்கும் காற்றே காரணமாக இருந்திருக்கிறது. யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் புது கோச் வந்து சேர்ந்தார். நாற்பத்தொரு வயதுப் பெண்மணி. பதினைந்து வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். கல்லூரி வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய கணவர் மட்டும், "பதினொரு வருஷமாத் தோக்கிற டீமுக்கு எதுக்குத் திடீர்னு புது கோச் தேடுறாங்க?" என்று கேட்டார். கோச் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் துறைத்தலைவர் தன் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஒரு வரைபடத்தைக் காட்டினார். அவர் விளையாட்டு நிர்வாகத்தில் பெரிய படிப்புப் படித்தவர். பந்தை 'உபகரணம்' என்றுதான் சொல்லுவார்.

"இதுதான் நம்ம தாக்குதல் முறை. ஐவர் சமச் சுழற்சி. உபகரணம் ரோல் நம்பர் வரிசைப்படி ஒவ்வொருத்தர் கைக்கும் போகும். அஞ்சாவது ஆள் கூடையில போடுவாங்க. பாரபட்சம் கிடையாது. பத்தொன்பது வருஷம் முன்னாடி குழு போட்டு முடிவு பண்ணினது."

"எதிர் டீமுக்கு இது தெரியுமா சார்?"

"தெரியாம எப்படி? நாமதான் அச்சடிச்சு எல்லாக் காலேஜுக்கும் அனுப்பியிருக்கோமே. நம்மகிட்ட ஒளிவுமறைவே இல்லம்மா."

கோச் தலையாட்டிவிட்டு வந்தார். முதல் இரண்டு வாரம் அவர் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்து பெண்களும் அவரவர் போக்கில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருத்தி இருந்தாள். 'ஒட்டடை' என்று கூப்பிடுவார்கள். உயரமாக இருக்கிறாளே என்று எல்லா கோச்சும் அவளைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அங்கே முழங்கைகள் வந்து இடிக்கும். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஆனால் ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனவள், திரும்பி வரும் வழியில் கூடையிலிருந்து தள்ளியிருந்த ஃப்ரீ த்ரோ கோட்டில், அதற்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். பந்து வந்தது. பின்னால் ஓடியவள் கையில் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைக் கொடுத்தாள். ஏதோ தபால்காரர் தெரிந்த வீட்டில் கடிதம் போடுகிற மாதிரி இருந்தது.

"பின்னாடி ஆள் வர்றது எப்படித் தெரிஞ்சுது?" என்றார் கோச்.

"வீட்ல எனக்கு அடுத்து நாலு பேர் மேடம். அடுப்பைப் பாத்து நின்னுக்கிட்டேதான் தட்டு குடுப்பேன். யார் எந்தப் பக்கம் வர்றாங்கன்னு தெரியலைன்னா ஒருத்தனே ரெண்டு தடவை வாங்கிட்டுப் போயிடுவான்."

கோச்சுக்கு அது போதும். ஒட்டடையை நடுவில் நிறுத்தி, ஆட்டத்தை அவளைச் சுற்றி அமைத்தார். இன்னொருத்தி இடது கையைத் தவிர எதையும் நம்ப மாட்டாள், பெயரே 'பீச்சாங்கை'. அவளுக்கு வலது கையைப் பழக்குகிறேன் என்று மல்லுக்கட்டாமல், இடது பக்கத்தை மொத்தமாகக் காலி செய்து கொடுத்தார். நின்ற இடத்தில் நின்றால்தான் குறி தப்பாது என்றிருந்த 'சிலை'யை ஒரு மூலையில் நிறுத்தினார். தலையைக் குனிந்துகொண்டு ஓடும் 'ரயில்' குறுக்கே ஓடினாள். யார் மேலாவது இடிக்காவிட்டால் தூக்கம் வராத 'சண்டைக்கோழி', எதிரணி ஆட்களின் வழியை மறித்து நின்றாள்.

மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் ஜெயித்தார்கள்.

நான்காம் நாள் காலை துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். கோச் கொஞ்சம் வெட்கத்தோடுதான் போனார், பாராட்டுவார்கள் என்று. அறைக்கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டு துறைத்தலைவர் மெதுவாகக் கேட்டார்:

"என்ன நடக்குது?"

"ஜெயிச்சோம் சார்."

"அது தெரியும். ஏன்?"

கோச் ஒட்டடையைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன் அவரே தொடர்ந்தார்.

"தோத்தா நமக்குப் படிவம் இருக்கும்மா. ஜெயிச்சா எந்தப் படிவம்? நேத்து பூரா தேடினேன். கிடையாது. அப்போ இந்தத் துறையில இல்லாத ஒரு காரியத்தை நீங்க செஞ்சிருக்கீங்க. நான் உங்களைத் தப்பாச் சொல்லலை. ஆனா ஒரு தடவை ஜெயிச்சா அதிர்ஷ்டம்னு விட்டுடலாம். மூணு தடவைன்னா அதுல ஒரு நோக்கம் தெரியுது."

அன்று மாலையே பயிற்சியைக் கவனிக்க ஒருவரை நியமித்தார்கள். முப்பது வருடம் பரீட்சை மண்டபங்களில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ரப்பர் அடி வைத்த செருப்பு. நடந்தால் சத்தமே வராது. மாணவிகளுக்குப் பின்னாலிருந்துதான் வருவார். அவர் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம் இப்படி இருந்தது:

'4.10 — உயரமான மாணவி யாரையும் பார்க்காமல் பந்தைக் கொடுத்தார். சந்தேகத்துக்குரியது. 4.12 — பந்தைக் கொடுக்குமுன் சக மாணவியைப் பார்த்தார். சந்தேகத்துக்குரியது. 4.15 — இருவர் சிரித்துக்கொண்டனர். விவரம் கேட்டதற்கு 'சும்மா' என்றனர்.'

ஒரு வாரத்தில் முதல் சுற்றறிக்கை வந்தது: களத்தில் கைச்சாடை கூடாது. இரண்டாவது: கண்சாடை கூடாது. பிறகு பயிற்சி நேரத்தில் மாணவிகள் மூன்றடி இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்று ஒன்று வந்தது. சண்டைக்கோழி அன்று மதியம் சாப்பிடவே இல்லை. கண்காணிப்பாளரே அவளுடைய ஆட்டத்தை நேரில் பார்த்துவிட்டு, அவள் எதிரணியைத்தான் இடிக்கிறாள், அவர்களுக்குள் விடை பரிமாற வாய்ப்பில்லை என்று எழுதிக் கொடுத்தபிறகுதான் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள்.

பிறகு மொட்டைக் கடுதாசி வந்தது.

துறைத்தலைவர் அதை மேசைமேல் வைத்து, கோச் பக்கமாக விரலால் தள்ளினார். 'கோச் ஒரே மாணவியின் கையில் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் மனம் புழுங்குகிறார்கள். இப்படிக்கு, நலம்விரும்பி.' எழுத்துகள் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தன. எழுதிய கை மேலே பட்டுப்பட்டு மை முழுக்கத் தேய்ந்திருந்தது. இடது கைக்காரர்கள் எழுதினால்தான் அப்படி ஆகும்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றார் துறைத்தலைவர். "நீங்களே பாருங்க."

கோச் பார்த்தார். அன்றிலிருந்து வேறெதையும் அவரால் பார்க்க முடியவில்லை. பீச்சாங்கை குனிந்து ஷூ கட்டினால், ஏன் இவ்வளவு நேரம் கட்டுகிறாள் என்று தோன்றியது. கண்காணிப்பாளரிடம் அவள் மணி கேட்டதைப் பார்த்தார், மணிதான் கேட்டாளா? ஒட்டடை கொடுத்த பந்தை அவள் ஒருமுறை நழுவவிட்டபோது, வேண்டுமென்றே விட்டாள் என்றே நினைத்தார். அடுத்த ஆட்டத்தில் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தார். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆட்டம் முடியும்வரை முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

இடது பக்கம் காலியாகக் கிடந்தது. பதிலுக்கு இறங்கியவளுக்கு அங்கே ஆடத் தெரியவில்லை. பதினாறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். லீக் சுற்று என்பதால் அந்த ஒரு தோல்வியோடு வெளியேறவில்லை.

துறைத்தலைவர் கோச்சை அழைத்து, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். "இப்போதான் நீங்க நம்ம குடும்பத்துல ஒருத்தர்," என்றார். கோச் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

படிவத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போனபோதுதான், அங்கிருந்த குமாஸ்தா ஏதோ எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துகள் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"என்னங்க எழுதுறீங்க?"

"மொட்டைக் கடுதாசி மேடம்," என்றார் குமாஸ்தா, தலையை நிமிர்த்தாமல். "போன வருஷம் குறை கேட்கும் பெட்டியில ஒண்ணுமே விழலை. தர ஆய்வுக்கு வந்தவங்க, பெட்டி ஏன் வேலை செய்யலைன்னு கேட்டுட்டாங்க. அதுலேர்ந்து மாசம் ரெண்டு போடச் சொல்லி சார் உத்தரவு. போன மாசம் உங்க டீம். இந்த மாசம் நூலகம். நூலகத்துமேல என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

கோச் அங்கிருந்து நேராகக் கேன்டீனுக்குப் போனார். பீச்சாங்கை ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கோச் எதிரே உட்கார்ந்தார்.

"அந்தக் கடுதாசியை நீ எழுதினேன்னு நினைச்சேன். அதனாலதான் உன்னை உட்காரவெச்சேன். நீ எழுதலை. தப்பு என்மேல."

"நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன் மேடம்," என்றாள். "துறைத்தலைவர் சொல்லித்தான் என்னைக் கழட்டி விட்டீங்கன்னு நினைச்சேன்."

"நேரா வந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

இருவரும் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடித்தார்கள். அடுத்த மேசையில் கண்காணிப்பாளர் செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கம் புரட்டவில்லை.

பீச்சாங்கை திரும்ப வந்ததும் அணி மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தது. இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டது. அதற்கு நான்கு நாள் இருக்கும்போது கடைசிச் சுற்றறிக்கை வந்தது: 'வெளிப்படைத்தன்மை கருதி, பந்தைக் கொடுக்கும் மாணவி, யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்பதை ரோல் நம்பருடன் முன்கூட்டியே உரக்க அறிவிக்க வேண்டும்.'

கோச் வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கணவரிடம் நீட்டினார். கணவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இரண்டு தடவை படித்தார்.

"இதுல என்ன இருக்கு? லிஃப்ட்ல ஏறுறவன் எந்த மாடின்னு பட்டனை அமுக்கலையா? உள்ள இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியத்தானே அமுக்குறான்?"

"ஏங்க, லிஃப்ட்டைத் தடுக்க நாலாவது மாடியில அஞ்சு பேர் நிக்க மாட்டாங்களே!"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் பயிற்சியில் கோச் வேறு வழியில்லாமல் கத்தச் சொன்னார். ஒட்டடை "முப்பத்தேழு!" என்று கத்தியதும் ரயில் தலையை நிமிர்த்தினாள். அதுவரை, தனக்குப் பந்து வருகிறது என்று தெரியாமலேயே பாதிப் பந்துகளைத் தவறவிட்டவள் அவள். இப்போது தன் நம்பர் காதில் விழுந்தால் கை தானாக நீண்டது. கோச் எழுந்து நின்றார். மூன்று நாளும் அந்தக் கத்தலை வைத்தே ஓட்டங்களை மாற்றி அமைத்தார்.

இறுதி ஆட்டத்தில் ஒட்டடை முதல் பந்தை வாங்கி, "நாற்பத்திரண்டு!" என்று கத்தினாள். நாற்பத்திரண்டு என்று பீச்சாங்கையின் முதுகிலேயே எழுதியிருந்தது. எதிரணிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்து பீச்சாங்கைக்குப் போனது, கூடையில் விழுந்தது. அடுத்தது "முப்பத்தேழு!" பந்து ரயிலுக்குப் போனது.

"நம்பாதீங்க!" என்று எதிரணி கோச் ஓரத்திலிருந்து அலறினார். "எவளாவது உண்மையைக் கத்திச் சொல்லுவாளா? அதுல ஏதோ சூது இருக்கு!"

அவர்கள் நம்பவில்லை. எந்த நம்பரைக் கத்தினாலும் அந்த ஆளை விட்டுவிட்டு மற்ற மூன்று பேரையும் மறித்தார்கள். இடைவேளையில் எதிரணி கோச் ஒரு பலகையில் நம்பர்களை எழுதி, கூட்டிக் கழித்து, அடுத்த நம்பர்தான் உண்மையான நம்பர் என்று கண்டுபிடித்தார். இரண்டாம் பாதியில் அவர்கள் அதன்படி ஆடினார்கள். ஐம்பத்தெட்டுக்கு நாற்பத்தொன்பது என்று கல்லூரி ஜெயித்தது. பெண்கள் ஒட்டடையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் எல்லோரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள்.

விசாரணைக் குழு அடுத்த திங்கட்கிழமை கூடியது.

"உண்மையை யாரும் இந்த அளவுக்கு வெளிப்படையாச் சொல்றதில்லை," என்று துறைத்தலைவர் தொடங்கினார். "நானும் இருபத்தாறு வருஷமா நிர்வாகத்துல இருக்கேன், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆக, இது உண்மையைப் பயன்படுத்தி ஏமாற்றும் புதுவகை உத்தி."

"நீங்கதானே சார் கத்தச் சொன்னீங்க?" என்றார் கோச்.

"நாங்க கத்தச் சொன்னது வெளிப்படைத்தன்மைக்கு. ஜெயிக்கிறதுக்கு இல்ல."

கண்காணிப்பாளரைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அவர் நோட்டைப் புரட்டினார், மூடினார். "முப்பது வருஷம் மண்டபத்துல நின்னிருக்கேன். விடையை ஊருக்கே கேக்கிற மாதிரி கத்திச் சொல்லிக் காப்பியடிச்சவங்களைப் பாத்ததில்லை," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா ஆடினாங்க," என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார்கள்.

தீர்ப்பு 'நிரூபிக்கப்படாத நேர்மை' என்று வந்தது. ஆனால் கோப்பை வந்துவிட்டதே, அதை என்ன செய்வது? அதற்கும் குழு வழி கண்டது. கோச்சின் முறையைக் கல்லூரியின் அதிகாரபூர்வ முறை எண் இரண்டு என்று அறிவித்து, வரைந்து, சட்டம் போட்டு மாட்டினார்கள். பத்தொன்பது வருடம் செல்லும். நடுவில் நிற்பவரின் உயரம் ஆறடி ஒன்றரை அங்குலம் என்று கீழே குறிப்பு இருந்தது. அது ஒட்டடையின் உயரம்.

ஒட்டடைக்கு அது கடைசி வருடம். வானிலை நிலையம் ஒன்றில் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. முதல் தேதிக்குள் மதிப்பெண் பட்டியலோடு போய்ச் சேர வேண்டும். எல்லோருக்கும் பட்டியல் வந்தது. அவளுக்கு வரவில்லை. தேர்வு அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்துவிட்டு, கோச்சிடம் வந்து நின்றாள்.

"ஒரு பேப்பரைக் காணோமாம் மேடம். மறுபடி ஒரு வருஷம் இருந்து எழுதச் சொல்றாங்க. வீட்ல என்ன சொல்றதுன்னே தெரியலை. அப்பா இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

கோச் துறைத்தலைவரிடம் போனார். அவர் எதையும் மறைக்கவில்லை.

"புது பேட்ச்ல அந்த உயரத்துக்கு ஆள் இல்லம்மா. அளந்து பாத்துட்டோம். முறை பத்தொன்பது வருஷத்துக்கு. அந்தப் பொண்ணு மூணே வருஷத்துக்கு. யார் யாருக்காக நிக்கணும், சொல்லுங்க?"

"சார், அந்தப் பொண்ணு இருந்ததாலதான் அந்த ஆட்டம். ஆள் மாறினா ஆட்டத்தையும் மாத்தணும்."

"ஆளுக்குத் தகுந்த மாதிரி முறையா?" துறைத்தலைவர் உண்மையாகவே அதிர்ச்சியடைந்தார். "அப்புறம் முறைன்னு எதுக்கும்மா இருக்கு? ஃபெயில் போடலாம்னும் பாத்தோம். எல்லாத்துலயும் நல்ல மார்க் வாங்கி வெச்சிருக்கு. ஒரு வாத்தியார்கூட ஒத்துழைக்கலை. அதனாலதான் பேப்பரைக் காணோம்னு ஆக்க வேண்டியதாப் போச்சு."

கோச் அன்று மாலை பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். களத்தில் யாரும் இல்லை. கெஞ்சினால் இந்த மனிதர் சந்தோஷப்படுவார். சண்டை போட்டால் குழு போடுவார். எதைப் பார்த்தால் இவருக்குத் தானாகச் சந்தேகம் வரும்?

மறுநாள் காலை ஒரே வரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். காரணம் எழுதவில்லை.

துறைத்தலைவர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "ஏன் போறீங்க?"

"சும்மா சார்."

"கோப்பை வாங்கின கோச் சும்மா போவாங்களா? வேற காலேஜா? இந்த முறையில எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

கோச் பதில் சொல்லாமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அவ்வளவுதான் செய்தார்.

பதினொரு மணிக்குள் குழு அமைந்தது. பன்னிரண்டு மணிக்கு, விசாரணை முடியும்வரை முறை எண் இரண்டு நிறுத்திவைக்கப்படுகிறது என்று உத்தரவு வந்தது. சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, துணி சுற்றி, முத்திரை வைத்தார்கள். முறை இல்லையென்றால் நடுவில் நிற்கவும் ஆள் தேவையில்லை. இரண்டரை மணிக்கு ஒட்டடையின் விடைத்தாள் தேர்வு அலுவலகத்தில், அது எப்போதும் இருந்த இடத்திலேயே கிடைத்தது.

"உனக்கு வேலை போச்சே?" என்றார் கணவர் ஃபோனில்.

"போச்சு," என்றார் கோச். "பள்ளிக்கூடத்துல திரும்பக் கேட்டுப் பாக்கணும்."

"கேளு, கேளு. அங்க ஜெயிச்சா என்ன பண்ணுவாங்கன்னும் இப்பவே கேட்டு வெச்சுக்கோ."

முப்பதாம் தேதி காலை ஒட்டடை பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றாள். பீச்சாங்கை மதிப்பெண் பட்டியலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். பிறகு கோச்சும் வாங்கிப் பார்த்தார். நிஜ முத்திரைதான். பஸ் வந்தது. ஒட்டடை தலையைக் குனிந்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பஸ் முனை திரும்பி மறைந்தது.

பீச்சாங்கை வகுப்புக்குப் போய்விட்டாள். கோச் போகவில்லை. ஒட்டடை போன திசையிலிருந்து திரும்பி வரும் அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்று, அதிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். உயரமாக யாரும் இறங்கவில்லை என்று தெரிந்தபிறகுதான் வீட்டைப் பார்த்து நடந்தார்.